சுவரோரத்து வழுக்கை

புல்வெளியில் வழுக்கை விழுந்ததை முதலில் கண்டுபிடித்தது தோட்டக்காரர் அல்ல, ஒரு நோயாளியின் மனைவி. கணவனின் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வர நான்கு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு மூன்று முறை. அந்த நான்கு மணி நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருக்க அங்கே இருந்தது நாற்பதடிக்கு அறுபதடியில் ஒரு புல்தரை, அதற்கப்பால் ஒரு மதில் சுவர், அவ்வளவுதான். ஒரு புல் சாய்ந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணே, அந்தச் சுவரோரம் முடி கொட்டுது, கவனிச்சீங்களா?"

தோட்டக்காரர் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு தட்டு அளவுக்குப் புல் பழுப்பேறியிருந்தது.

"வெயில்மா" என்றார்.

அவர் பேச்சு எப்போதும் அந்த நீளம்தான். அந்தச் சிறுநீரக நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் நர்ஸுகளில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஒருவர் பேசி முடித்த பிறகு அவர் பதில் சொல்வதற்குள் கேட்டவர் வேறு வேலைக்குப் போய்விடுவதும் உண்டு. ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். இத்தனை அங்குலம் வெட்டு என்றால் அத்தனை அங்குலம்தான். அந்த ஒரு குணத்துக்காகவே ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு கொடுத்து அவரைக் குடும்பத்தோடு அங்கேயே வைத்திருந்தார்கள்.

ஐந்து வாரத்தில் தட்டு கட்டிலாகி, கட்டில் ஓர் அறையாகிவிட்டது. அவர் யூரியா தூவினார். மக்கிய எரு போட்டார். காய்ந்ததைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல இடத்திலிருந்து புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்துவந்து பதித்தார். பன்னிரண்டாம் நாள் அதுவும் போனது. மறுபடியும் பதித்தார். அதற்கும் பன்னிரண்டே நாள். மத்தியானம் சாப்பிடப் போகும்போது குழாயைப் பெரும்பாலும் சுவரோரத்தில் போட்டுவிட்டுப் போவது முன்பே அவர் வழக்கம்; இப்போது வேறு எங்கும் வைப்பதில்லை. அங்கேயே ஓடவிட்டுப் போனார். நோஞ்சான் பிள்ளைக்கு ஒரு கவளம் கூடுதலாக ஊட்டுவதுபோல.

தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. கோடை தொடங்கியபோது இருந்தது. வரும் தண்ணீர் இயந்திரங்களுக்கே போதாது என்று தோட்டத்துக் குழாயை அடைத்துவிட்டார்கள். அப்போது அவர், வழக்கத்துக்கு மாறாக, தானாகப் போய் ஒருவரிடம் ஒன்று கேட்டார். நிலையத்தின் தண்ணீர் அறையில் வேலை பார்ப்பவன் அவருடைய மனைவியின் தம்பி. டிப்ளமோ முடித்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனை, நிர்வாகி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எட்டு மாதம் முன்பு அவர்தான் உள்ளே சேர்த்துவிட்டிருந்தார். எதைக் கேட்டாலும் எண்ணிலேயே பதில் சொல்வதால் அவனுக்கு 'மீட்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. சுத்திகரிக்கும்போது இயந்திரம் வேண்டாம் என்று தள்ளும் தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது, அதைக் கொடேன் என்று கேட்டார். மறுநாளே தண்ணீர் அறைச் சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பச்சைக் குழாய் எட்டிப் பார்த்தது.

"ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்து நாப்பது லிட்டர், மாமா. குளிச்சாக்கூடத் தீக்க முடியாது உங்களால" என்றான் மீட்டர்.

நிர்வாகிக்கு அது பிடித்துப்போனது. ஒரு மாதம் கழித்துப் புல்வெளியில், சுவரோரமாக, ஒரு தகரப் பலகை நட்டார்கள். பச்சையில் வெள்ளை எழுத்து: 'இந்தப் புல்வெளி மறுபயன்பாட்டு நீரால் வளர்க்கப்படுகிறது.' தோட்டக்காரருக்குத் துண்டைத் தொங்கவிட அது வசதியாக இருந்தது.

இப்போது பலகை வழுக்கையின் நடுவில் நின்றது.

நிர்வாகி கூப்பிட்டு அனுப்பினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் மேசையில் உள்ள காகிதங்களை விளிம்பு விளிம்பாகச் சேர்த்து அடுக்குவார். அதிலேயே செய்தி தெரிந்துவிடும்.

"அடுத்த மாசம் டிரஸ்டிங்க வர்றாங்க. முன்வாசல்ல வந்து இறங்கினா நேரா இந்தக் கட்டாந்தரையிலதான் முழிப்பாங்க."

தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"தோட்ட வேலைய ஒரு கம்பெனிக்கு விட்டுடலாம்னு மேலேருந்து ரொம்ப நாளாச் சொல்றாங்க. மத்த ரெண்டு கிளையிலயும் அவங்கதான் பாக்குறாங்க. நான்தான் இழுத்துப் பிடிச்சிருக்கேன். கம்பெனி வந்தா ஆள் அவங்க ஆள். வீடும் காலி பண்ண வேண்டியிருக்கும்." காகிதங்களை ஒருமுறை தட்டினார். "இது மண்ணுல கோளாறா, உங்க கையில கோளாறா, அதை எனக்கு எழுத்துல காட்டுங்க. மண்ணுன்னா மண்ணை மாத்துவோம்."

"சரிங்க சார்."

கை என்று சொன்னது அவருக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு நடக்கும்போது கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மண் பரிசோதனைக் கூடம் இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. நீளமான அறை, நீளமான மேசை, மேசை முழுக்க வெள்ளைத் தட்டுகளில் மண். சிவப்பு, கருப்பு, சாம்பல், இடையில் பெயர் சொல்ல முடியாத பழுப்புகள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த பரிசோதகி ஒரு அச்சடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, பல்லாயிரம் தடவை சொன்னதை இன்னொரு தடவை சொன்னாள்.

"பத்து இடத்துல எடுங்கண்ணே. நேர்கோடா வேண்டாம், வளைஞ்சு வளைஞ்சு நடந்து எடுங்க. மேல கெடக்குற குப்பை, புல்லு எல்லாம் சுரண்டித் தள்ளிட்டு அரையடி ஆழத்துக்குக் குழி. சுவரோரம், மரத்தடி, எருக்குவியல் பக்கம் வேண்டாம். இரும்புச் சட்டியில போடாதீங்க, பிளாஸ்டிக் வாளி. பத்தையும் ஒண்ணாக் கலந்து, பரப்பி, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கை எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தைத் திரும்பக் கலக்கணும். அரைக் கிலோ நிக்கிறவரைக்கும் இப்படியே. நிழல்ல காய வைக்கணும், வெயில்ல இல்ல. அப்புறம் கொண்டாங்க."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சொன்னது எல்லாம் மனதில் ஏறிவிட்டது. படிக்க அவசியம் இருக்கவில்லை.

மறுநாள் அந்தப் புல்வெளியில் ஒரு வேலை நடந்தது. நோயாளிகளின் மனைவிமார்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். தோட்டக்காரர் வளைந்து வளைந்து நடந்தார், நின்றார், மேல்மண்ணைச் சுரண்டி ஒதுக்கினார், கரண்டியால் ஆங்கில 'வி' போலக் குழி வெட்டினார், குழியின் பக்கச் சுவரிலிருந்து விரல்கனத்துக்கு ஒரு சீவல் எடுத்து வாளியில் போட்டார். பத்துக் குழியில் இரண்டு வழுக்கைக்குள் விழுந்தன. சுவரை ஒட்டி வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அதற்குள் இன்னும் போகவில்லை. அந்த இரண்டிலும் மேலே மாவு தூவியதுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. போன வருடம் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தது உதிர்ந்திருக்கும் என்று அதையும் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் குழி வெட்டினார். பிறகு பழைய பிளாஸ்டிக் விரிப்பில் மண்ணைப் பரப்பி, நான்காகக் கோடு போட்டு, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, மறுபடி கலந்து, மறுபடி நான்காக்கினார்.

"எங்க வீட்ல சொத்துப் பிரிச்சப்பகூட இவ்வளவு சுத்தமாப் பிரிக்கலண்ணே" என்றாள் முதலில் வழுக்கையைக் கண்டுபிடித்தவள்.

அவர் தலை நிமிரவில்லை. ஆனால் கொஞ்சம் சிரித்ததாக அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. ஒரே ஒரு தாள். கார அமிலத் தன்மை இயல்பு. உப்பின் நிலை தீங்கற்றது. தழைச்சத்து மட்டும் கொஞ்சம் குறைவு. மணிச்சத்து போதுமானது, சாம்பல்சத்து போதுமானது. கீழே முத்திரை.

நிர்வாகி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"மண்ணு நல்லா இருக்கு."

"ஆமாங்க சார்."

"அப்ப?"

காகிதங்கள் விளிம்பு விளிம்பாகச் சேர்ந்தன.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்" என்றார் நிர்வாகி, காகிதங்களிடம்.

அன்று மாலை தோட்டக்காரர் வழுக்கையின் விளிம்பில் வெகுநேரம் குந்தியிருந்தார். மண் பொய் சொல்லாது என்று நினைத்துத்தான் இருந்தார். இப்போதும் அப்படித்தான் நினைத்தார். அது பொய் சொல்லவில்லை என்றால் தான் கேட்ட விதத்தில்தான் ஏதோ இருக்கவேண்டும். கண் முன்னால் செத்துக் கிடக்கிறது புல். தாளில் எல்லாம் இயல்பு. இரண்டும் உண்மையாக இருக்க ஒரு வழி இருந்தாக வேண்டும். அந்த வழி என்ன என்பது அவருக்கு எட்டவில்லை. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு பேருந்து ஏறினார்.

"எங்கெங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள் பரிசோதகி.

"நீங்க சொன்ன மாதிரிதான். பத்து இடம்."

"புல்லு செத்த இடத்துலயா, நல்லா இருக்குற இடத்துலயா?"

"ரெண்டுலயும். கலந்தேன்."

அவள் தலைமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "அண்ணே, காய்ச்சக்காரன் ரெண்டு பேரு, திடமானவன் எட்டுப் பேரு, பத்துப் பேரையும் வரிசையா நிக்க வச்சு சராசரிக்குத் தெர்மாமீட்டர் வச்சா என்ன தெரியும்? எல்லாரும் சௌக்கியம்னுதான் தெரியும்."

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். ஆறாவது வரி: பயிர் நன்றாக உள்ள பகுதியையும் நலிந்த பகுதியையும் தனித்தனியே எடுக்கவும்.

"இது இருக்கு. யாரும் படிக்க மாட்டாங்க. நானும் சொல்லாம விட்டுட்டேன். வர்றவங்க எல்லாம் ஏக்கர் கணக்குல வயல் வச்சிருக்கவங்க; நீங்க புல்தரைன்னு சொல்லியிருந்தாத் தோணியிருக்கும்."

"நீங்க கேக்கல" என்றார் அவர்.

"நீங்களும் சொல்லல" என்றாள் அவள். பிறகு அவள் கேட்டாள்: "மேல வெள்ளையா எதுவும் பூத்திருந்துதா?"

"சுண்ணாம்பு. சுரண்டிட்டேன். நீங்க சுரண்டச் சொன்னீங்க."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ. சொன்ன பேச்சை இவ்வளவு அப்படியே கேக்கறவரை இந்த இருபது வருஷத்துல நான் பாத்ததே இல்லண்ணே. என் வீட்ல ஒருத்தர்கூட இல்ல." இரண்டு துணிப்பைகளை எடுத்துக் கொடுத்தாள். "இதுல நல்ல மண்ணு. இதுல செத்த மண்ணு. சுரண்டாதீங்க. சுவரோரமும் எடுங்க. கலக்காதீங்க."

இந்தத் தடவை அறிக்கைக்காகத் தபாலை நம்பாமல் நேரிலேயே போனார். முதல் பை பற்றிப் பரிசோதகி ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது பையின் தாளை அவர் பக்கம் திருப்பினாள். உப்பின் நிலைக்கு எதிரே ஓர் எண் இருந்தது; அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு.

"இதுல புல்லு மட்டும் இல்லண்ணே, எதுவுமே முளைக்காது. சோடியம். நாம சாப்பாட்டுல போடுற உப்புதான். நல்ல மண்ணைவிடப் பதினஞ்சு மடங்கு. பத்தடி தள்ளி ஒண்ணுமே இல்ல, அப்ப இது மண்ணோட குணம் கெடையாது. யாரோ கொண்டாந்து ஊத்துறாங்க. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, தொடர்ந்து." அவள் ஒரு படிவத்தை நகர்த்தினாள். "என்ன பண்ணணும்னு நான் எழுதணும்னா நீங்க ஒரு கட்டத்தை நிரப்பணும். இங்க. பாசனத் தண்ணி எங்கேருந்து வருது?"

அவர் பேனாவை எடுத்தார். அறையில் ஏதோ ஒரு இயந்திரம் மண் குப்பிகளைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவர் எழுதவில்லை, நின்ற பிறகும் எழுதவில்லை.

உப்பு மூட்டைகள் அவருக்கு ஞாபகம் வந்திருந்தன. பதினைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் அறைக்கு முன்னால் ஒரு வண்டி வரும். வெள்ளைச் சாக்குகள். மீட்டர் ஒற்றை ஆளாகத் தூக்குகிறானே என்று அவர்தான் போய் ஒரு கை கொடுப்பார். தோளில் சுமந்திருக்கிறார். எதற்கு இவ்வளவு உப்பு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"அப்புறமா எழுதித் தரேன் மேடம்" என்று படிவத்தை மடித்தார்.

தண்ணீர் அறை எப்போதும் ஒரே சத்தத்தில் உறுமும். தொட்டிகள், நீலக் குழாய்கள், அழுத்தம் காட்டும் வட்ட முகங்கள். மீட்டர் ஒரு ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. அழுத்தம் அம்பத்தெட்டு, வெப்பம் இருபத்தாறு, உங்க முகம் பூஜ்யம். என்ன ஆச்சு?"

"உப்பு எதுக்குடா?"

"எந்த உப்பு?"

"மூட்டை."

மீட்டருக்கு யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் பிடிக்கும். எழுந்து ஓர் உயரமான தொட்டியைத் தட்டினான். "வர்ற தண்ணி கடினமா இருக்கும். இதுக்குள்ள இருக்குற மணிங்க அந்தக் கடினத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பிடிச்சுப் பிடிச்சு அது களைச்சுப் போயிடும். அப்ப உப்புக் கரைசலை விட்டுக் கழுவணும். கழுவினா மறுபடி புதுசு. தினம் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு அதுவாக் கழுவிக்கும். நாப்பது நிமிஷம்."

"கழுவின தண்ணி?"

"எல்லாக் கழிவும் ஒரே பைப்புல..." என்று சொல்லவந்தவன் நிறுத்தினான்.

மத்தியானம் ஒன்று பத்து. அவர் சாப்பிடப் போகும் நேரம். குழாய் சுவரோரத்தில் கிடந்து தன்பாட்டுக்கு ஓடும் நேரம். உறுமல் சத்தத்தில் இருவரும் அதே கணக்கை அவரவர் தலைக்குள் போட்டு முடித்தார்கள்.

"நீங்க கழிவுத் தண்ணி கேட்டீங்க மாமா" என்றான் மீட்டர், மெதுவாக. "நான் கழிவு பைப்புலதான் ஒரு டீ இணைப்பு போட்டு எடுத்துக் குடுத்தேன்."

"ஆமா. நான்தான் கேட்டேன்."

"மிஷின் தள்ளுற தண்ணி மட்டும்னா தனியா எடுத்திருக்கலாம். அரை மணி நேரம் கூட வேலை, அவ்ளோதான். தோணல." கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பை அவன் பார்க்காமலே கை காட்டினான். நிர்வாகியின் கையெழுத்தில்லாமல் இந்த அறையின் எந்தக் குழாயையும் யாரும் தொடக்கூடாது. நோயாளிகளின் ரத்தத்தைத் தொடும் தண்ணீர் என்பதால் அந்த அறிவிப்பு சிவப்பில் இருந்தது. "எனக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு வேலை நிரந்தரமாக. இதைச் சொன்னீங்கன்னா..."

சொன்னால் அவன். சொல்லாவிட்டால் இவர். என்ன சொல்வார் என்று மீட்டர் காத்திருந்தான். அவர் குனிந்து, டீ இணைப்பைத் திருகி அடைத்து, பச்சைக் குழாயைக் கழற்றிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வீட்டில் அவர் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். படிவத்தை அவள் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அதிக வார்த்தை பேசியது அன்றாக இருக்கலாம். அவள் கேட்டுக்கொண்டே ஒரு விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"உன் தம்பி."

"தெரியுது. இது என் வீடும்தான்." விரிப்பை அடுக்கின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். "ரெண்டு பேர்ல யாரு போறதுன்னு என்னைச் சொல்லச் சொல்றீங்களா? நான் சொல்ல மாட்டேன். நீங்க எதைச் செஞ்சாலும் நான் ஒருத்தருக்குச் சோறு போடும்போது இன்னொருத்தர் மூஞ்சி ஞாபகம் வரும். போங்க, உங்களுக்குத் தோணுறதைச் செய்ங்க. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் என்னைக்கும் சொல்லாதீங்க."

படிவம் இரண்டு நாள் அலமாரியில் இருந்தது. நான்தான் குழாயைத் திருப்பினேன் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தார். தண்ணீர் அறைச் சாவி அவரிடம் கிடையாது. யாரும் நம்ப மாட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் என்று எழுதலாம். கிணறே இல்லை. எதுவும் எழுதாமல் கட்டத்தைக் காலியாகவே விடலாம். விட்டால் மாதக் கடைசி வந்துவிடும், புல் செத்தது தன் கையால்தான் என்பது எழுத்தாகவே நின்றுவிடும். வீடு போவதைக்கூட அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது. கை என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. தான் இப்படி ஒரு ஆள் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் நாள் கட்டத்தை நிரப்பினார். 'தண்ணீர் அறையின் கழிவு நீர். உப்புக் கரைசல் கலந்தது.' எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பரிசோதகியிடம் அதைக் காட்டி, என்ன செய்யவேண்டும் என்று எழுதி வாங்கிவந்து, இரண்டு அறிக்கையையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு நிர்வாகியின் அறைக்குப் போனார்.

நிர்வாகியின் கண் சிவப்புக் கோடு போட்ட எண்ணில் நின்றது. பிறகு கட்டத்தைப் படித்தார்.

"யார் லைன் குடுத்தது?"

தோட்டக்காரர் வாயைத் திறந்தார். எப்போதும் வரும் இடைவெளி இந்த முறை வரவில்லை.

"என் மச்சினன் சார். நான் கேட்டேன், அவன் போட்டுக் குடுத்தான்."

"பைப்பைத் தொட்டானா? என் கையெழுத்து இல்லாம?"

"ஆமாங்க சார்."

நிர்வாகி எழுந்து ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் புல்வெளி முழுசாகத் தெரியும். கோபம் முதுகில் ஏறியது. அது அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்று தோட்டக்காரருக்கு அப்புறம்தான் புரிந்தது. வழுக்கையின் நடுவில், தோட்டக்காரரின் துண்டு தொங்க, தகரப் பலகை நின்றுகொண்டிருந்தது. அந்தப் பலகையின் படம் அண்மையில் அச்சான நிலையத்தின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே நிர்வாகியின் பெயரும், இந்தத் திட்டத்தைத் தாமே முன்னின்று நிறைவேற்றியதாக ஒரு பத்தியும் இருந்தன. லைன் எப்படி வந்தது என்று அவர் அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையெழுத்துப் போட வேண்டியிருந்திருக்கும்.

"அந்த லைன் இன்னும் இருக்கா?"

"அடைச்சிட்டேன் சார்."

"நோயாளிங்க தண்ணிக்கும் இதுக்கும்?"

"அது தனிங்க சார். கழிவு போற வழி மட்டும்தான் இது."

"அதை நான் ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்க்கிறேன்." திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆனால் காகிதங்களை அடுக்கவில்லை. "இது வேற யாருக்குத் தெரியும்?"

"பரிசோதகி அம்மாவுக்கு. என் வீட்ல."

"சரி." மூன்று தாளையும் ஒரு உறையில் போட்டு இழுப்பறைக்குள் வைத்தார். "சரியாக எவ்வளவு நாளாகும்?"

"ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி விட்டு, கீழ இறக்கணுமாம். மூணு மாசம்."

"டிரஸ்டிங்க வர்றப்ப மண் சீர்திருத்தப் பணி நடக்குதுன்னு சொல்லிக்கலாம்." இழுப்பறையைப் பூட்டினார். "கம்பெனிக்கு இப்போதைக்கு எழுதல. உங்க மச்சினனை வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க. சத்தம் போடுவேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க." கதவு வரை போன தோட்டக்காரரைக் கூப்பிட்டார். "அந்தப் போர்டை எடுத்துடுங்க. இன்னைக்கே."

பலகை ஆழமாக நடப்பட்டிருந்தது. பிடுங்கிய இடத்தில் ஒரு குழி நின்றது.

பரிசோதகி எழுதிக் கொடுத்தபடி அவர் ஜிப்சத்தைத் தூவிக் கொத்திவிட்டார். மறுபடி திறந்துவிட்ட தோட்டத்துக் குழாயிலிருந்து நல்ல தண்ணீரைத் தேங்கவிட்டு வடித்தார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மண் எடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். முதல் ஆறு வாரம் முடிந்த அன்று அவர் கரண்டியும் வாளியுமாகச் சுவரோரம் குந்தியபோது நிழல் ஒன்று பக்கத்தில் விழுந்தது. மீட்டர்.

அவன் ஆறு வாரமாக அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் துணி காயப்போடும் நேரத்தில் கொடியருகே வந்து நின்று பேசிவிட்டுப் போனான். வேலை போகவில்லை. நிர்வாகி சத்தம் போட்டார், சொன்னபடி அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மீட்டர் குனிந்து துணிப்பையின் வாயை விரித்துப் பிடித்தான். தோட்டக்காரர் ஒரு சீவல் மண்ணை உள்ளே போட்டார். அடுத்த குழிக்கு நகர்ந்தார். பையும் நகர்ந்தது.

"ஒண்ணு கேக்கணும் மாமா."

"ம்."

"அன்னைக்கு அவர் ரூம்ல என் பேரைச் சொன்னீங்கல்ல. போர்டு இருக்கு, அவரால எதுவும் செய்ய முடியாதுன்னு தெரிஞ்சுதான சொன்னீங்க?"

அக்கா அப்படித்தான் சொல்லியிருப்பாள். கொடியருகே நின்று, துணியை உதறிக்கொண்டே, ஒரு தம்பிக்கும் ஒரு கணவனுக்கும் பொதுவாக ஒரு வழியை அவள் கண்டுபிடித்திருப்பாள். ஆமாம் என்று சொன்னால் போதும். அவன் இன்றைக்கே வந்து சாப்பிடுவான். தோட்டக்காரர் கரண்டியைக் குழிக்குள் விட்டார். மண் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ இருமினார்கள். மதிலுக்கு அப்பால் ஒரு வண்டி நின்று, கதவு திறந்து, மூடி, போனது.

"இல்ல" என்றார். "போர்டு ஞாபகமே வரல."

மீட்டர் தலையை ஆட்டினான். எத்தனை தடவை என்று எண்ணியதுபோல் இரண்டு முறை. பையின் வாயை மூடவில்லை.

"இன்னும் எத்தனை குழி?" என்று கேட்டான்.

"நாலு."

நான்கையும் எடுத்தார்கள். கடைசிச் சீவல் விழுந்ததும் மீட்டர் பையைச் சுருக்குப் போட்டுக் கட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் அறைப் பக்கம் நடந்தான். தோட்டக்காரர் வாளியைக் கழுவினார். பிறகு இரண்டாவது துணிப்பையை எடுத்துக்கொண்டு நல்ல மண் இருந்த பக்கம் போய், அங்கே தனியாகக் குழி வெட்டத் தொடங்கினார்.